சுகர் பார்த்தாயிற்று, பிரஷர் பார்த்தாயிற்று

பெறுநர்:
செயலாளர் அவர்கள்,
மக்கள் நல்வாழ்வு மற்றும் குடும்ப நலத்துறை,
தமிழ்நாடு அரசு.

மதிப்பிற்குரிய செயலாளர் அவர்களுக்கு, வணக்கம்.

வேலூர் மாவட்டத்துக் கிராமங்களில் சுகாதாரச் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் முதியோரின் மனச்சோர்வையும் கேட்டறிய வேண்டும் என்று உங்களிடம் ஒரு கோரிக்கை வைக்கவே இதை எழுதுகிறேன்.

நாங்கள் தடுப்பூசிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போன காலத்தில் கர்ப்பிணி, கைக்குழந்தை, குடும்பக் கட்டுப்பாடு என்று மூன்று கணக்குகள்தான். திண்ணையில் சுருண்டு கிடக்கும் கிழவர் எந்தப் பதிவேட்டிலும் வரமாட்டார். இன்று அவரைத் தேடி ஒரு பெண் தன்னார்வலர் வருகிறார், மாத்திரையைக் கையில் கொடுக்கிறார். படுத்த படுக்கையாக இருப்பவரைப் பார்க்கச் செவிலியர் வருகிறார், பக்கவாதம் வந்தவருக்குக் கைகால் பயிற்சி கொடுக்க ஆள் வருகிறார். 2024இல் ஐக்கிய நாடுகள் அவையின் விருது கிடைத்தபோது எனக்கு ஆச்சரியமே இல்லை. கிடைக்க வேண்டியதுதான்.

ஆனால் வீட்டு வாசலில் நடப்பதை நான் பக்கத்தில் இருந்து பார்க்கிறேன். எங்கள் தெருவில் எழுபதைத் தாண்டிய ஓர் ஆயா இருக்கிறார். தன்னார்வலர் வந்து விரலில் குத்தி சுகர் பார்க்கிறார், கையில் பட்டையைச் சுற்றி பிரஷர் பார்க்கிறார், எண்களைக் கைப்பேசியில் ஏற்றுகிறார். “ஒடம்பு எப்டிக்கீது ஆயா?” என்று கேட்கவும் செய்கிறார். “இன்னாத்த சொல்றது, கையும் காலும் எரியுது. ராத்திரில கண்ணு மூடறதில்ல. சோறு எறங்க மாட்டேங்குது. சாவும் வந்து தொலைய மாட்டேங்குது” என்று ஆயா சிரித்துக்கொண்டே சொல்கிறார். “நூறு வயசு இருப்ப ஆயா” என்று அந்தப் பெண்ணும் சிரித்துவிட்டு அடுத்த வீட்டுக்கு நகர்கிறார். கைப்பேசியில் ஏறியவை சுகரும் பிரஷரும் மட்டுமே. தூக்கம் போனதும் பசி போனதும் சாவை எதிர்பார்த்துக் கிடப்பதும் எங்கும் ஏறவில்லை.

அந்தப் பெண்ணைக் குறை சொல்ல மாட்டேன். அவளுக்கு அதைக் கேட்கும் வேலை கொடுக்கப்படவில்லை. கொடுங்கள் என்பதுதான் என் கோரிக்கை. ஏன், எப்படி என்பதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

மத்திய சுகாதார அமைச்சகத்துக்காக மும்பையில் உள்ள சர்வதேச மக்கள்தொகை அறிவியல் நிறுவனம் 2017-18இல் நாடு முழுக்க முதியோரிடம் ஒரு பெரிய கணக்கெடுப்பு நடத்தியது. அறுபதைத் தாண்டியவர்களிடம் அறிகுறிகளைக் கேட்டுப் பார்த்தபோது 8.3 சதவீதம் பேருக்குக் கடுமையான மனச்சோர்வு இருக்கக்கூடும் என்று தெரிந்தது. உங்களுக்கு மனச்சோர்வு என்று எந்த மருத்துவராவது சொல்லியிருக்கிறாரா என்று கேட்டதற்கு ஆம் என்றவர்கள் 0.8 சதவீதம். பத்துப் பேருக்கு இருந்தால் ஒருவருக்குத்தான் பெயர் சொல்லப்பட்டிருக்கிறது. சர்க்கரை நோயில் பத்துக்கு ஒன்பதைத் தவறவிட்டிருந்தால் சட்டமன்றத்தில் கேள்வி வந்திருக்கும்.

தவறவிடுவதற்குக் காரணம் உண்டு. வயதானவர்கள் “எனக்கு மனசு சரியில்லை” என்று சொல்லிக்கொண்டு வருவது அபூர்வம். மார் படபடப்பு, தலைபாரம், வயிறு உப்புசம், முதுகுவலி என்று உடம்பின் வழியாகத்தான் வருவார்கள். சிலருக்கு மறதி முன்னால் நிற்கும். வீட்டில் உள்ளவர்கள் மூளை தேய்ந்துவிட்டது என்று முடிவு கட்டிவிடுவார்கள், சிகிச்சை கொடுத்தால் ஞாபகம் திரும்புவதும் உண்டு. ஆண்களிடம் அழுகை வராது, எரிந்து விழுவார்கள். சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிடும் தாத்தாவை ‘கோவக்காரக் கிழவன்’ என்று தெருவே பேர் வைத்துவிடும். போதாததற்கு நம் எல்லோரிடமும் தயாராக ஒரு வாக்கியம் இருக்கிறது: “வயசானா அப்படித்தான்.” வீட்டில் சொல்கிறார்கள், போகட்டும். வெள்ளைக் கோட்டு போட்டவர்களும் சொல்கிறார்களே, அதுதான் எனக்கு ஆறவில்லை.

அந்த வாக்கியம் பொய் என்பதற்கு எங்கள் மாவட்டத்திலேயே ஆதாரம் இருக்கிறது. கணியம்பாடி வட்டாரத்தில் 65 வயதைத் தாண்டிய 1,000 பேரிடம் வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் நடத்திய ஆய்வு 2009இல் வெளியானது. அதற்கு முந்தைய ஒரு மாதத்தில் மனச்சோர்வு இருந்தவர்கள் 12.7 சதவீதம், எட்டில் ஒருவர். யாருக்கு வருகிறது என்று அலசினார்கள். வயது கூடுவதற்கும் மனச்சோர்வுக்கும் தொடர்பு தெரியவில்லை. பெண்ணாக இருப்பதற்கும் தெரியவில்லை. உடல் இயலாமைக்கும்கூட, மற்றவற்றைக் கழித்துப் பார்த்தால், தெரியவில்லை. தொடர்பு தெரிந்தவை வேறு. இதய நோய் வந்தவர்களுக்கு வாய்ப்பு நான்கு மடங்குக்கும் மேல். சர்க்கரை நோய், வந்து வந்து மறையும் சிறு பக்கவாதம், எப்போதோ தலையில் பட்ட அடி, இவை ஒவ்வொன்றுக்கும் இரண்டு மடங்குக்கும் மேல். குறைந்த வருமானம் இன்னொன்று. அப்புறம் பசி. சாப்பிட இல்லாமல் பசியோடு இருக்க நேர்ந்தவர்களுக்கு இரண்டரை மடங்கு.

ஒரே சமயத்தில் எடுத்த கணக்கு என்பதால் எது முந்தி, எது பிந்தி என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. சர்க்கரையால் சோர்வு வந்ததா, சோர்வால் மாத்திரையை விட்டு சர்க்கரை ஏறியதா என்றால், இரண்டும் நடக்கிறது என்பது என் அனுபவம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இந்தப் பட்டியலில் இருப்பவர்கள் யார்? சர்க்கரைக்காரர், நெஞ்சுவலி வந்தவர், பக்கவாதம் வந்தவர். உங்கள் தன்னார்வலர் ஏற்கெனவே பையில் மாத்திரையோடு தேடிப் போகும் அதே ஆட்கள்! புதிதாக யாரையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. கதவு திறந்திருக்கிறது, ஆளும் உள்ளே போயாகிவிட்டது.

பசியைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. ரேஷனில் அரிசி கொடுக்கும் மாநிலத்தில் பசியா என்று கேட்பீர்கள். அரிசி வீட்டுக்கு வருகிறது, சோறு தட்டுக்கு வருகிறதா என்பது வேறு கேள்வி. மகனும் மருமகளும் விடியற்காலை கம்பெனி பஸ் பிடிக்கிறார்கள். ராத்திரி மிஞ்சியது இருந்தால் தண்ணீர் ஊற்றி வைத்தது உண்டு, இல்லாவிட்டால் டீயும் பன்னும். பல் இல்லாதவர் பன்னை டீயில் நனைத்துத் தின்றுவிட்டு சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொள்வார். பதினோரு மணிக்குக் கை நடுங்கும், வேர்க்கும். இன்னொரு கரண்டி கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு “போதும்மா, வயிறு ரொம்பிடுச்சு” என்று எழுந்திருப்பவர்களை நான் எத்தனையோ வீடுகளில் பார்த்திருக்கிறேன். இதைக் கொடுமை என்று போலீசில் சொல்ல முடியாது, அந்த மருமகள் கெட்டவளும் இல்லை. அவளும் நின்றுகொண்டுதான் சாப்பிடுகிறாள். சத்துணவுத் திட்டம் 1983இல் முதியோர் உதவித்தொகை வாங்குவோருக்கும் விரிவாக்கப்பட்டது. பள்ளிக்கூடத்துச் சத்துணவு மையத்தில் அவர்களும் மதியம் சாப்பிடலாம். இன்று எத்தனை முதியவர்களுக்கு இது தெரியும்? பேரப்பிள்ளையின் பள்ளியில் போய்த் தட்டேந்த மானம் தடுக்கிறது என்றால், வீட்டுக்கு ஒரு டப்பாவில் கொண்டுபோய்க் கொடுக்க வழி செய்யக்கூடாதா? இது உங்கள் துறை இல்லை, சமூக நலத்துறை என்பது எனக்குத் தெரியும். ஆனால் மனச்சோர்வுக்கு ஒரு மருந்து அங்கேதான் இருக்கிறது, அதனால் சொன்னேன்.

அந்த ஆய்வில் நான் திரும்பத் திரும்பப் படித்தது இன்னொரு வரி. மனம் விட்டுப் பேச ஆட்கள் கூடுதலாக இருந்தவர்களிடம் மனச்சோர்வு மிகமிகக் குறைவாக இருந்தது. மற்றவர்களோடு ஒப்பிட்டால் எட்டில் ஒரு பங்கு வாய்ப்புதான். பாதுகாக்கும் காரணியாக அவர்கள் கண்டது இந்த ஒன்றைத்தான்.

நம் ஊர்களில் இதை எப்படிக் கெடுக்கிறோம் என்று பாருங்கள். சொத்துப் பிரித்த கையோடு பெற்றவர்களையும் பிரிக்கிறோம். அப்பா பெரியவன் வீட்டில், அம்மா சின்னவன் வீட்டில். அல்லது மாசம் ஒருத்தர் என்று முறை. ஐம்பது வருஷம் ஒன்றாகப் படுத்து எழுந்தவர்கள் ஊரில் ஏதாவது கல்யாணத்தில்தான் பார்த்துக்கொள்கிறார்கள். பிள்ளைகள் செலவைச் சரிபாதியாகப் பகிர்ந்துவிட்டோம் என்று நினைக்கிறார்கள், ஊரும் நல்ல பிள்ளைகள் என்கிறது. பெற்றோர் பராமரிப்புச் சட்டம் 2007இல் வந்தது, கோட்டாட்சியரிடம் மனு கொடுத்து ஜீவனாம்சம் வாங்கலாம். “என் வீட்டுக்காரரோடு என்னை ஒரே வீட்டில் வையுங்கள்” என்று மனு கொடுக்க எந்த ஆயாவுக்குத் தோன்றும்?

காதுதான் அடுத்தது. காது மந்தமானால் முதலில் போவது ஊர்வம்பு, பிறகு வீட்டுப் பேச்சு. இரண்டு முறை “ஆங்?” என்று கேட்டால் மூன்றாவது முறை யாரும் சொல்வதில்லை. தாத்தா சும்மா தலையாட்டப் பழகிக்கொள்கிறார். கண்புரைக்கு முகாம் போட்டு வண்டியில் ஏற்றிப்போய் ஆபரேஷன் செய்து கொண்டுவந்து விடுகிறோம். காதுக்கு அந்த அளவு நாம் முனையவில்லை. சிறுநீர் கட்டுப்படாத பெண்கள் பஸ் ஏறுவதை நிறுத்திவிடுகிறார்கள், சாவு வீட்டுக்குக்கூடப் போவதில்லை. காரணத்தை மகளிடம்கூடச் சொல்ல மாட்டார்கள். நர்சம்மாவிடம் சொல்வார்கள், அதுவும் தனியாக இருக்கும்போது.

இந்த இடத்தில் ஒரு வெள்ளை மாத்திரையைப் பற்றிச் சொல்ல வேண்டும். தூக்கம் வரவில்லை என்று போகும் வயதானவருக்கு அல்பிரசோலம் எழுதிக் கொடுக்கிறார்கள். பத்து நாளைக்கு எழுதிய சீட்டு வருஷக்கணக்கில் மருந்துக்கடையில் ஓடுகிறது. பாக்குப் பையில் வெற்றிலையோடு அந்த அட்டையைச் சொருகி வைத்திருக்கும் ஆயாக்களை எனக்குத் தெரியும். அது மனச்சோர்வுக்கு மருந்து அல்ல. பழக்கத்தில் பிடித்துக்கொள்ளும், பகலில் மந்தமாக்கும், நடுராத்திரி ஒண்ணுக்குப் போக எழுந்தால் தள்ளாடி விழவைக்கும். இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் விழுந்தபின் வரும் சோர்வு முந்தையதைவிடப் பெரியது. ஆக, சோர்வைக் கண்டுபிடிக்காமல் தூக்கத்துக்கு மட்டும் மாத்திரை கொடுத்த வகையில் ஒருவரை நிரந்தரமாகப் படுக்கவைத்துவிடுகிறோம். மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலர்களுக்கு இது தெரியாத விஷயமில்லை.

சரி, மனநல மருத்துவர் எத்தனை பேர் இருக்கிறார்கள், ஊர் ஊராக எங்கே அனுப்புவது என்ற கேள்வி வரும். இதற்குக் கோவாவில் விடை கிடைத்திருக்கிறது. அங்கே அமித் டயஸ், விக்ரம் பட்டேல் உள்ளிட்ட ஆய்வாளர்கள் அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்த அறுபது வயதைத் தாண்டிய 181 பேரை எடுத்துக்கொண்டார்கள். எல்லோருக்கும் லேசான சோர்வு, முழு மனச்சோர்வு என்று சொல்லும் அளவுக்கு இன்னும் போகவில்லை. பாதிப்பேரிடம் பயிற்சி பெற்ற சாதாரண ஊர்க்காரர்கள் போய்ப் பேசினார்கள். பட்டப்படிப்பு படித்த மனநல ஆலோசகர்கள் அல்லர். என்ன தொந்தரவு, அதில் எதை முதலில் தீர்க்கலாம் என்று உட்கார்ந்து யோசித்தார்கள், தூக்கத்துக்கு வழி சொன்னார்கள், சர்க்கரை போன்ற நோய்களைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்தார்கள், அரசு உதவிகள் கிடைக்க வழிகாட்டினார்கள். ஒரு வருஷம் கழித்து, இப்படிப் பேசப்பட்ட 91 பேரில் 4 பேருக்கு மட்டுமே கடும் மனச்சோர்வு வந்திருந்தது. வழக்கமான கவனிப்பு மட்டும் கிடைத்த 90 பேரில் 13 பேருக்கு வந்திருந்தது. சிறிய ஆய்வுதான், ஒரே மாநிலம்தான். ஆனாலும் செய்தவர்கள் யார் என்பதைப் பாருங்கள். நம் மகளிர் குழுப் பெண்கள் இதைச் செய்யமாட்டார்களா? அவர்கள் செய்வார்கள். நமக்குத்தான் அவர்களிடம் கேட்கத் தோன்றவில்லை.

நான் கேட்பது இதுதான். சுகர் பார்க்கும்போதே இரண்டு கேள்வி. கடந்த இரண்டு வாரமாக எதிலும் ஆசை இல்லாமல் இருக்கிறதா? மனசு பாரமாக, நம்பிக்கையே இல்லாமல் இருக்கிறதா? உலகம் முழுக்கப் பயன்படும் கேள்விகள்தான் இவை. ஆம் என்றால், முதியோருக்கென்றே உருவாக்கப்பட்ட பதினைந்து கேள்விப் படிவம் இருக்கிறது, எல்லாமே ஆம் அல்லது இல்லை. எழுதப் படிக்கத் தெரியாதவரிடமும் வாசித்துக் கேட்டுவிடலாம். எங்கள் பக்கத்துப் பேச்சில் ஒன்று, மதுரைப் பக்கத்துக்கு ஒன்று, கொங்குப் பக்கத்துக்கு ஒன்று என்று எழுதி வாங்குங்கள். ‘ஆர்வமின்மை’ என்று கேட்டால் எந்த ஆயாவுக்கும் விளங்காது. “டிவி பாக்கறது, கோயிலுக்குப் போறது, பேரப்புள்ளைங்களோட பேசறது, இதெல்லாம் முன்ன மாதிரி புடிக்குதா?” என்று கேட்டால் விளங்கும். கேட்கும்போது மருமகளும் மகனும் பக்கத்தில் நிற்கக்கூடாது. இதைப் பயிற்சியில் முதல் நாளே சொல்லிக்கொடுக்க வேண்டும்.

சாவைப் பற்றியும் கேட்க வேண்டும். கேட்டால் எண்ணத்தைக் கிளப்பிவிடுவோம் என்ற பயம் தேவையில்லை. கேட்பதால் எண்ணம் வருவதில்லை, சொல்ல ஓர் ஆள் கிடைத்தது என்ற ஆறுதல்தான் வருகிறது. வயதானவர்கள் இளையவர்களைப் போல முன்கூட்டிக் காட்டிக்கொள்ள மாட்டார்கள். முடிவெடுத்தால் பிழைப்பதும் குறைவு. “பயிருக்கு அடிக்கிற மருந்து வீட்டுல எங்க வெச்சிருக்கீங்க?” என்ற கேள்வியும் அந்தப் படிவத்தில் இருக்கட்டும், ஆபத்து தெரிந்தால் அன்றைக்கே அதை வீட்டைவிட்டு அப்புறப்படுத்தச் சொல்லட்டும். 14416 என்ற டெலி மானஸ், அதாவது அரசின் தொலைபேசி மனநல உதவி எண், 2022 அக்டோபரிலிருந்து இருக்கிறது. ஆனால் காது கேட்காத, பொத்தான் போனில் பச்சையை மட்டும் அமுக்கத் தெரிந்தவரிடம் எண்ணைக் கொடுத்துவிட்டு நகர்ந்தால் ஆகாது. தன்னார்வலரே தன் போனில் போட்டுக் கொடுத்துப் பக்கத்தில் உட்கார வேண்டும்.

கேட்டபின் அனுப்ப இடம் வேண்டும். அது தயாராகாமல் கேள்வியைத் தொடங்கவே தொடங்காதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்து மருத்துவர் முதலில் தைராய்டும் பி12 வைட்டமினும் பார்க்க வேண்டும். இவை குறைந்தாலும் ஆள் இப்படித்தான் சோர்ந்து கிடப்பார், அதற்கு வைத்தியம் வேறு. சாப்பிட்டுவரும் மாத்திரைகளையெல்லாம் ஒருமுறை கொட்டிப் பார்க்க வேண்டும். மனச்சோர்வு மருந்து தேவை என்றால் எஸ்சிட்டலோபிராம் போன்றவை விலை அதிகமில்லை. ஆனால் வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும் என்பதை வீட்டாருக்குச் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் பத்தாம் நாளே நிறுத்திவிடுவார்கள். முதியவர்களுக்கு இந்த மருந்துகளால் உடம்பில் சோடியம் குறையக்கூடும், அதுவும் நீர் பிரியும் வகை பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குக் கூடுதலாக. முதல் மாதத்திலேயே ஒரு ரத்தப் பரிசோதனை வேண்டும். கடினமான கேஸ்களுக்கு மாவட்ட மனநலத் திட்டத்து மருத்துவர் இருக்கிறார். கிண்டியில் 2024இல் திறந்த தேசிய முதியோர் நல மருத்துவமனையிலிருந்து வீடியோவில் அவருக்கும் ஆலோசனை கிடைக்க ஏற்பாடு செய்யலாம்.

இனி எனக்கு உள்ள பயம். இந்தக் கடிதத்தை யாராவது ஓர் அதிகாரி படித்து, நல்ல யோசனை என்று செயலியில் இரண்டு கட்டம் கூட்டிவிட்டு, சுற்றறிக்கை அனுப்பிவிட்டு, மாதக் கடைசியில் எத்தனை சதவீதம் நிரப்பினீர்கள் என்று கேட்கத் தொடங்கினால் காரியம் கெட்டது. இலக்கு வந்தால் தன்னார்வலர் வாசலில் நின்றபடியே ‘இல்லை, இல்லை’ என்று அமுக்கிவிட்டுப் போவார். நானும் அந்தக் காலத்தில் இலக்குப் பார்த்த துறையில்தான் வேலை செய்தேன், பதிவேடு எப்படி நிரம்பும் என்று எனக்குச் சொல்லித்தர வேண்டாம். ஒரு நாளைக்கு இத்தனை வீடு என்ற கணக்கைக் குறைத்து, சில வீடுகளில் அரை மணி நேரம் உட்கார அனுமதியுங்கள். அந்த அரை மணி நேரத்துக்குக் காசு கொடுங்கள். ஊக்கத்தொகை என்ற பேரில் கொடுப்பதில் அவர்கள் ஏற்கெனவே மத்தியான வெயிலில் நடந்துகொண்டிருக்கிறார்கள். இன்னொரு வேலையை இலவசமாகத் தலையில் வைப்பது நியாயமில்லை. பிறர் துக்கத்தை நாள் முழுக்கக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போகும் அந்தப் பெண்ணுக்கும் மாதம் ஒருமுறை உட்கார்ந்து பேச ஒரு மூத்த செவிலியர் வேண்டும்.

அவசரமும் இருக்கிறது. மத்திய அரசின் மக்கள்தொகைக் கணிப்பின்படி 2021இல் தமிழ்நாட்டில் அறுபதைத் தாண்டியவர்கள் 13.6 சதவீதம், 2031இல் 18.2 சதவீதம். நானும் அந்தக் கணக்கில்தான் வருகிறேன், நீங்களும் வருவீர்கள்.

மாநிலம் முழுக்க ஒரே நாளில் வேண்டாம். கணியம்பாடி வட்டாரத்தில் தொடங்கலாம். அங்கே பழைய ஆய்வின் கணக்கு கையில் இருக்கிறது, ஒரு வருஷம் கழித்து ஒப்பிட்டுப் பார்க்க வசதி. பயிற்சி கொடுக்க ஆள் பற்றாக்குறை என்றால், என்னைப் போல ஓய்வுபெற்ற செவிலியர்கள் மாவட்டம் முழுக்க இருக்கிறோம். எங்களுக்கு இந்த வீடுகளும் தெரியும், வீட்டுப் பாஷையும் தெரியும். பஸ் கட்டணமும் மத்தியானச் சாப்பாடும் கொடுத்தால் போதும், வருகிறோம். மாவட்ட சுகாதார அலுவலகத்திலிருந்து ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியர்,
வேலூர் மாவட்டம்.